இருபத்து மூன்றாம் எண் வீட்டைக் காணவில்லை

பொன்மேடு நகராட்சியில் 'படத்தையல் பிரிவு' என்று பலகை எழுதி மாட்டியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். பலகையின் முன்பாதி வேப்பங்கிளைக்குள் போய்விட, தெருவில் போகிறவர்களுக்குத் 'தையல் பிரிவு' மட்டும்தான் தெரிந்தது. வாரத்துக்கு நாலு பேராவது துணியும் அளவு ஜாக்கெட்டுமாக உள்ளே வந்து நின்றார்கள். போதாக்குறைக்கு அங்கே வேலை பார்த்தவளின் பெயர் தையல்நாயகி.

அது 2064ஆம் ஆண்டு. அறுபது வயதுக்காரர்கள் எல்லாம் மோனிஷா, கிஷோர் என்று பெயர் வைத்துக்கொண்டு மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதுக்காரர்களுக்குத்தான் தையல்நாயகி, மாசிலாமணி என்று பெயர். பழசைத் தூசி தட்டி வைப்பதுதானே எப்போதும் புது நாகரிகம்!

தையல்நாயகியின் வேலை துணி தைப்பதல்ல, ஊரைத் தைப்பது. வருடத்துக்கு ஒருமுறை, மார்கழியில், ட்ரோன்கள் பொன்மேட்டின் மேல் பறந்து ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும். ஒரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தின் ஓரமும் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்த ஓரங்களில் பொதுவாக இருக்கும் அடையாளங்களைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே படமாக இயந்திரம் தைத்துவிடும். அதற்குப் பெயர் முழுப்படம். குடிதண்ணீர், மின்சாரம், ஆளில்லா வண்டிகள், ஆம்புலன்ஸ் எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நடக்கும். போகிப் பண்டிகையன்று மாலை ஐந்து மணிக்குப் படத்துக்கு முத்திரை விழும். அதன்பின் ஒரு வருடத்துக்கு, படத்தில் இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை.

இயந்திரம் தைத்தால் கோணலே வராது என்று நினைக்க வேண்டாம். இரண்டு படங்களுக்கு நடுவே நடந்துபோன எருமைக்கு ஆறு கால் வந்துவிடும். பெருமாள் கோயிலுக்கு இரட்டைக் கோபுரம் முளைக்கும். கடைவீதியின் பாதி உச்சிவெயிலிலும் மீதி மேக நிழலிலும் இருக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்து, காரணம் எழுதி, மறுபடி படம் எடுக்கச் சொல்வதுதான் தையல்நாயகியின் பிழைப்பு. எட்டு வருடமாகச் செய்கிறாள். ஒரு எருமையைக்கூட அவள் ஆறு காலோடு விட்டதில்லை.

போகிக்கு முந்தைய நாள் காலையில் மேட்டுக்காலனியிலிருந்து ஒரே நேரத்தில் பதினாறு புகார்கள் வந்தன. எல்லாம் மூன்றாம் தெரு. முத்திரைக்கு முன்னால் மூன்று நாள் ஒத்திகையாகப் புதுப்படத்தை ஓடவிடுவார்கள், அந்த ஒத்திகையில்தான் இந்தக் கூத்து. முப்பத்தைந்தாம் வீட்டுக்கு வரவேண்டிய முகூர்த்தப்புடவை முப்பத்து நாலாம் வீட்டுக்குப் போய், அந்தம்மா ஆசையாக ரவிக்கைத்துண்டை வெட்டியும் விட்டார். நாய்க்குத் தடுப்பூசி போட வந்த வண்டி அடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரை உள்ளே ஏறச்சொல்லி அடம்பிடித்தது. கடைசி வீடான முப்பத்தெட்டுக்கு எதுவுமே வரவில்லை. பதினாறாவது புகார் மட்டும் வேறு தினுசு. 'என் வீட்டைக் காணோம். மோனிஷா, எண் 23.'

தையல்நாயகி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இருபத்து ஒன்று, இருபத்து இரண்டு, இருபத்து நாலு. நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. தையல் அவ்வளவு சுத்தம். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

மேட்டுக்காலனி, பெருவெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக அரசாங்கம் கட்டியது. கட்டியது என்பதுகூடத் தவறு. ஒரே இயந்திரம், இட்லித்தட்டில் இட்லி எடுப்பதுபோல, வரிசையாக அச்சடித்து வைத்துவிட்டுப் போன வீடுகள். ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே கதவு. தைக்கிற இயந்திரத்துக்கு எந்த வீடு எது என்று தெரியாமல் முதல் வருடம் தலை சுற்றிவிட்டது. அதனால் ஒரு விதி போட்டார்கள். படம் எடுக்கும் நாளன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும், வீட்டுக்காரர் கையாலேயே, மாவில் ஆறடிக்குக் குறையாமல் ஒரு அடையாளம் போடவேண்டும். மார்கழி மாதம் வேறு, கேட்கவா வேண்டும். இந்துக்கள் கோலம் போட்டார்கள், கிறிஸ்தவர்கள் நட்சத்திரம் போட்டார்கள், முஸ்லிம் வீடுகளில் பூவும் கொடியும் போட்டார்கள். ஒன்றைப்போல ஒன்று இருக்காது. இயந்திரமும் நிம்மதியாகத் தைத்தது, போன வருடம் வரை.

தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது.

"களவாணிப் பயலே! அடுத்த வீட்டுக் கோலத்தப் பாத்துப் போடுறதுக்கு வெக்கமா இல்ல உனக்கு?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவர்தான் மோனிஷா. வயது அறுபத்து மூன்று. இருபது வருடம் மதுரை ரூட்டில் பஸ் ஓட்டிய அம்மாள், குரலும் ஏர்ஹாரனுக்குக் குறைந்ததில்லை. காலனிக் கோலப்போட்டியில் ஒன்பது வருடமாக அவருக்குத்தான் முதல் பரிசு.

இருபத்து இரண்டாம் வீட்டு வாசலில் கிஷோர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மில்லில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. "தப்புதான்க்கா. எனக்கு வேற கோலம் தெரியல" என்றார்.

"ரெண்டு பேரும் ரெண்டு நாளா இப்படித்தான் மேடம்" என்றாள் இருபத்து நாலாம் வீட்டு ரிஸ்வானா, உற்சாகமாக. "எங்க வீட்டுப் பால் அக்கா வீட்டுக்குப் போகுது. அக்கா வீடே இல்லைங்குது படம். இல்லாத வீட்டுல எங்க பால் காயுது."

தையல்நாயகி சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகைக்கணினியைக் காட்டினாள். இரண்டு வாசல், இரண்டு கோலம். பதினைந்து புள்ளிச் சிக்குக்கோலம், ஒரு இழைகூட மாறவில்லை.

"இதான் விஷயம். ரெண்டு கோலமும் ஒண்ணா இருந்ததும், ஒரே வீட்டை ரெண்டு தடவை எடுத்துட்டோம்னு மெஷின் நெனச்சிருச்சு. ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ண வெட்டிருச்சு. தெரு இருபது அடி சுருங்கிப் போச்சு. அதான் அங்கிட்டு இருக்கிற எல்லாருக்கும் ஒரு வீடு தள்ளித் தள்ளிப் போகுது."

"வெட்டுனது ஏன் என் வீட்ட வெட்டணும்? காப்பியடிச்சவன் வீட்ட வெட்டவேண்டியதுதான?" என்றார் மோனிஷா.

"ட்ரோன் அந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுக்கா. அதுக்கு அண்ணன் வீடுதான் மொதல்ல."

"அப்ப இவன் வேற கோலம் போடட்டும், மறுபடி எடு."

"முடியாதுக்கா. ஒருதடவை ஏத்துக்கிட்ட வீட்ட மறுபடி எடுக்க முடியாது. விட்டுப்போன வீட்டத்தான் எடுக்கலாம். நீங்கதான் வேற கோலம் போடணும். ட்ரோன் மேல நின்னு பாக்கும், அது பாக்க பாக்க, உங்க கையால."

தெருவே "இவ்வளவுதானா" என்று பெருமூச்சு விட்டது. ஒன்பது வருட சாம்பியனுக்குக் கோலம் போடத் தெரியாதா என்ன? ஆனால் மோனிஷாவின் முகம் சட்டென்று மாறியதைத் தையல்நாயகி கவனித்தாள். கவனித்த இன்னொருவர் கிஷோர்.

"நான் போடமாட்டேன்" என்றார் மோனிஷா. "என் வாசல்ல போட்டது போட்டதுதான். அவன் செஞ்ச தப்புக்கு நான் ஏன் குனியணும்?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அக்காவுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றாள் ரிஸ்வானா. "நாளைக்கு அஞ்சு மணி தாண்டுனா என்ன மேடம் ஆகும்?"

"ஒரு வருசத்துக்குத் தண்ணி கெடையாது, கரண்டு கெடையாது. வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும்."

கூட்டம் கலைந்தபின் தையல்நாயகி இரண்டு படங்களையும் அருகருகே வைத்து இன்னும் பெரிதாக்கினாள். பார்த்துப் போட்டால் இவ்வளவு ஒத்துப் போகாது. பார்த்துப் போடுகிறவர் எங்கேயாவது தயங்குவார், ஒரு சுழி பருக்கும், ஒரு வளைவு இளைக்கும். இங்கே எங்கெங்கே கை நின்று மாவு குவிந்திருக்கிறதோ அது இரண்டிலும் ஒரே இடம். இழைகள் ஓடிய திசையும் ஒன்று, எல்லாம் வலமிருந்து இடம். இரண்டையும் போட்டது ஒரே கை. அதுவும் இடது கை.

புகார்த்தாளில் சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்று சொல்லி அவள் கிஷோரிடம் பேனாவை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கினார்.

பிறகு இருபத்து மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே குழாயைத் திறந்தே வைத்திருந்தார் மோனிஷா, காற்றுதான் உஸ்ஸென்று வந்தது. அவர் அடுப்படியைக் காட்டி, "டீ இருக்கு, நீயே ஊத்திக்கம்மா" என்றார். விருந்தாளியை ஊற்றிக்கொள்ளச் சொல்கிற வீடு மதுரைப் பக்கத்தில் உண்டா? தையல்நாயகி இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"அக்கா, உங்க வாசல்ல கோலம் போட்டது கிஷோர் அண்ணன்தான?"

மோனிஷா ஏர்ஹாரனைத் திறக்கப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, முந்தானைக்குள் இருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அது பாட்டுக்கு ஆடியது. டம்ளர் கூடச் சேர்ந்து கிணுகிணுத்தது.

"ஒரு வருசமாச்சும்மா. ஸ்டியரிங் புடிச்ச கை. இப்பப் புள்ளி வச்சா அது ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்."

"வீட்ல சொல்லலையா?"

"யாருகிட்டச் சொல்ல? ஓசூர்ல எம்மகன் ரோஹித்து இருக்கான். தும்முனாலே டிக்கெட் போடுறவன். கை நடுங்குதுன்னு தெரிஞ்சா மறுநாளே வந்து மூட்டை கட்டிருவான். பதினெட்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தா இன்னொரு ஜன்னல்தான் தெரியும். நான் அங்க போயி என்னத்தச் செய்ய? வெள்ளத்துல வீடு போயி, எட்டு வருசம் கொட்டாயில கெடந்து வாங்குன வீடும்மா இது."

விஷயம் இதுதான். தினமும் விடிகிற நேரத்தில் மோனிஷா ஜன்னலில் உட்கார்ந்து, "நேர்ப்புள்ளி பதினஞ்சு, மூணாவதுல சுத்தி எறக்கு" என்று சொல்லச்சொல்ல, கிஷோர் தன் வாசலில் ஒருமுறை போட்டுப் பழகிக்கொள்வார். பழகியதும் மோனிஷாவின் வாசலில் போட்டுவிட்டு, தன் வாசலில் இருப்பதை அழித்து ஏதாவது ஒரு நட்சத்திரத்தைக் கிறுக்கி வைப்பார். படம் எடுக்கும் நாளன்று ட்ரோன் எட்டு மணிக்கு வரும் என்றிருந்தார்கள். மூடுபனி வரப்போகிறதென்று ஆறேகாலுக்கே அனுப்பிவிட்டார்கள். கிஷோர் விளக்கமாற்றை எடுக்கப் போன நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்ப தெருவுல போட்ட சண்டை?"

"அது அவன் சொன்ன யோசனை. 'என்னையத் திட்டுங்க, அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது'ன்னான். நானும் திட்டுறேன். பாவம், எவ்வளவு திட்டுனாலும் வாங்கிக்கிறான்" என்றவர், முதல்முறையாகச் சிரித்தார். உடனே முகம் வாடியது. "நீயே அந்த வீட்ட எடுத்து ஒட்டிவிடேன். நீதான தைக்கிற ஆளு?"

தையல்நாயகிக்கு ஆசையாகத்தான் இருந்தது. வெட்டிப்போட்ட படம் பலகைக்கணினியிலேயே இருந்தது, இரண்டு விரலால் இழுத்து வைத்தால் போதும். "முடியாதுக்கா. முந்தி ஒருத்தர் காலி மனையில பூத்தொட்டி அடுக்கி வச்சு, வீடுன்னு ஒட்ட வச்சுட்டாரு. அதுலேருந்து மனுசக் கை பட்டா முழுப்படமும் செல்லாது. ஊரு பூராவுக்கும் தண்ணி நின்னு போகும்."

"அப்ப எனக்கு விதி ஓசூர்தான்."

"இல்லக்கா. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மெஷினுக்கு அழகு தெரியாது. எட்டு வருசமா அதோட குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியும். வேற எங்கயும் இல்லாததா ஒண்ணு இருந்தாப் போதும் அதுக்கு. உங்க கை போடுறத வேற எந்தக் கையும் போட முடியாது."

"ஊரு பாக்குமே."

"பாக்கும்" என்றாள் தையல்நாயகி. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

போகியன்று மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. தையல்நாயகி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், தலைக்கு மேல் ட்ரோன் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. தெருவே திரண்டு நின்றது. வெட்டிய ரவிக்கைத்துண்டோடு முப்பத்து நாலாம் வீட்டம்மாவும் வந்திருந்தார். கிஷோர் தன் வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வரமாட்டார் என்றே நினைத்துவிட்டாள்.

நாலே காலுக்குக் கதவு திறந்தது. மோனிஷா கோலமாவுக் கிண்ணத்தோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து முதல் புள்ளியை வைத்தார். அது புள்ளியாக விழாமல் ஒரு சின்ன வாலோடு விழுந்தது. இரண்டாவது விலகி விழுந்தது. தெருவில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மோனிஷாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் எழுந்து உள்ளே ஓடிவிடுவார் என்று தையல்நாயகி பயந்தாள்.

"அக்கா, மூணாவது புள்ளி. ரெண்டு வெரக்கடை தள்ளி" என்றது ஒரு குரல்.

கிஷோர்தான். எழுந்து வந்து, மோனிஷாவின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நேர்ப்புள்ளி ஏழு போதும். நான் எண்ணுறேன், நீங்க வைங்க."

மூன்று நாளாகச் சண்டை போட்டவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிச்சொல்லிக் கோலம் போடுவதை மூன்றாம் தெரு வாயைப் பிளந்து பார்த்தது. இழை ஒவ்வொன்றும் நெளிந்து நெளிந்து போனது. ஓரிடத்தில் கை உதறி மாவு கொட்டியது. மோனிஷா, "சனியனே, நில்லுடா" என்று தன் கையையே திட்டினார். யாரோ சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார். அதன்பின் கொஞ்சம் வேகமாகவே நடந்தது. ஆறடி முடியும்போது மணி நாலு நாற்பத்தேழு.

தையல்நாயகி பொத்தானை அழுத்தினாள். ஊரிலுள்ள அத்தனை வாசல்களோடும் இயந்திரம் இதை ஒப்பிட்டுப் பார்த்தது. திரையில் ஒரு வரி வந்தது. 'இதற்கு ஒப்பானது வேறில்லை.' தெரு இருபது அடி நீண்டது. இருபத்து இரண்டுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவே இருபத்து மூன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நிமிடம் வீட்டுக்குள் தடதடவென்று ஒரு சத்தம். திறந்து கிடந்த குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, இது என்ன மாடல்? நல்லா இருக்கே, அலை அலையா" என்றாள் ரிஸ்வானா.

மோனிஷா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். தெருவையே ஒருமுறை பார்த்தார். "மாடலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கை நடுங்குது. ஒரு வருசமா நடுங்குது. இத்தன நாளும் என் வாசல்ல போட்டது இந்த மனுசன். போன மாசம் வாங்குன பரிசும் அவனோடதுதான். போதுமா?"

ரிஸ்வானாதான், "நடுங்குனா என்னக்கா, நல்லாத்தான இருக்கு" என்றாள், விட்ட இடத்திலிருந்தே.

அன்று மாலையே மோனிஷா மகனுக்குத் தானாகவே போன் போட்டார். தையல்நாயகி கிளம்பிக்கொண்டிருந்தாள், குரல் வாசல்வரை கேட்டது. "ஆமாடா, நடுங்குது. டாக்டரப் பாப்போம், நீ வா, கூட்டிட்டுப் போ. ஆனா திருப்பி இங்கயே கொண்டாந்து விட்டுரணும். எம்பேருல ஒரு வீடு இருக்கு, முழுப்படத்துல போட்டுருக்கு, வேணும்னா பாத்துக்க."

மறுநாள் பொங்கல். சாப்பிட வரவேண்டும் என்று மோனிஷா மிரட்டியிருந்ததால் தையல்நாயகி காலையிலேயே வந்துவிட்டாள். மூன்றாம் தெருவில் திரும்பியதும் அவளுக்குப் பகீரென்றது.

கண்ணில் பட்ட வாசலிலெல்லாம் நடுக்கக்கோலம். ஒரு நேர்கோடு கிடையாது. கணக்கு வாத்தியார் வீட்டில்கூடச் சூரியனும் கரும்பும் நெளிநெளியாக நின்றன. ரிஸ்வானா வீட்டுப் பூங்கொடி பேய்க்காற்றில் ஆடுவதுபோல ஆடியது. முத்திரைக்கு மறுநாள் காலையில் ஒரு சரிபார்ப்புப் பறப்பு உண்டு, அதில் தப்பு தெரிந்தால் முத்திரையே செல்லாது என்பது தையல்நாயகிக்கு மட்டும்தான் தெரியும். அத்தனையையும் ஒரே வீடு என்று இயந்திரம் தைத்துவைத்தால் அவள் கதி என்ன? பதறிப்போய்ப் பலகைக்கணினியைத் திறந்தாள்.

பறப்பு முடிந்திருந்தது. ஒரு வீடு குறையவில்லை. எல்லோரும் ஒரே நடுக்கத்தைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள், ஆனால் அவரவர் கைக்கு எப்படி நடுங்க வந்ததோ அப்படித்தான் நடுங்கியிருந்தது. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனதாக இயந்திரத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

இருபத்து இரண்டாம் வீட்டு வாசலில் மட்டும் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, கிஷோர் இடது கையால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தொரு புள்ளி, நூல் பிடித்ததுபோல் இழைகள். பொங்கல் பானையும் கையுமாகப் போன ரிஸ்வானா நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னண்ணே, ஊரே மாறிப்போச்சு, நீங்க இன்னும் பழைய மாடலையே போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

கிஷோர் நிமிர்ந்து, பக்கத்து வாசலில் நின்ற மோனிஷாவை ஒருதரம் பார்த்தார்.

"என்னம்மா செய்றது? நானும் காலையிலேருந்து பாக்குறேன். எனக்குக் கை சரியா வரமாட்டேங்குது, நேராவே போகுது" என்றார்.